மண்டபத்தில் இறங்காத இருவர்

ராமேஸ்வரம் போகப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் கொழுந்தனார் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் களைக்கொத்தை வரப்பில் போட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

“எப்பங்க அண்ணி? சொன்னீங்கன்னா நானும் வாரேன். வேன் பேசிக்கலாம். எள்ளு, பச்சரிசி எல்லாம் இங்கிருந்தே எடுத்துட்டுப் போயிரலாம்.”

“எள்ளு வேண்டாங்க தம்பி. நான் திதி குடுக்கப் போகல.”

“அப்புறம் எதுக்குப் போறீங்க?”

“ரயில்ல போறதுக்கு. கடல் மேல ஒரு பாலம் இருக்குது. அதுல ரயில் போகுது. உக்காந்து போயிட்டு, அதே ரயில்ல திரும்பி வந்துருவேன்.”

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு முகம் மாறியது. கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு ஒரே மகள், அவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அதனால் காரியங்களை எல்லாம் கொழுந்தனார்தான் செய்தார், எங்கள் வழக்கப்படி, ஒரு குறையும் வைக்காமல். அதன் பிறகு சேந்தமங்கலத்தில் யாரோ ஒரு ஜோசியக்காரர் அவரிடம் எதையோ சொல்லிவிட்டார். செத்தவருக்கு ஆத்மா அடங்கவில்லை, பெண்டாட்டி ராமேஸ்வரம் கடலில் முழுகித் திதி கொடுத்தால்தான் அடங்கும் என்று. எங்கள் மலையில், தேவனூர் நாட்டு ஊர்களில் யாரும் அவ்வளவு தூரம் போய்த் திதி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் கொழுந்தனார் பிடித்துக்கொண்டார். மாதம் ஒரு முறையாவது அந்தப் பேச்சை எடுப்பார். நான் பதில் சொல்லாமலே இருந்தேன்.

நான் ஏன் முழுக மாட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஊருக்கு நல்லவர். குடிப்பார், ஆனால் ரோட்டில் விழுந்து கிடக்க மாட்டார். அடிப்பார், ஆனால் வெளியே தெரியும்படி அடிக்க மாட்டார். கடைசி மூன்று வருஷம் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். எடுத்துப் போட்டது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் நான்தான். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. செய்ய வேண்டியிருந்தது, செய்தேன்.

ஆனால் ஒரு நாள் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. நான் அங்கன்வாடி டீச்சர். வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் மலையில் இருந்த டீச்சர்கள் எல்லாருக்கும் கன்னியாகுமரியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். சேலத்தில் ரயில் ஏற வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ரயிலை அதற்கு முன்னால் பார்த்ததுகூட இல்லை, நானும்தான். காலையில் ஜீப் வந்து எங்கள் வீட்டு மேட்டுக்குக் கீழே நின்று ஹாரன் அடித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். அவர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்தில் எறிந்தார். பிறகு பையைப் பிடுங்கி அதையும் எறிந்தார். புடவைகள் காப்பிச் செடிகளில் விரிந்து தொங்கின. “கடல் பாக்கப் போறாளாமா கடல்,” என்றார். அவ்வளவுதான். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஜீப் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது. நான் செடி செடியாகப் புடவையைப் பொறுக்கினேன். அன்று அவர் குடித்திருக்கவும் இல்லை.

பாலத்தைப் பற்றி எனக்குச் சொன்னது எங்கள் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரி, கிறிஸ்தவப் பெண். தடுப்பூசி போடும் நாட்களில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் உட்கார்ந்திருப்போம். ஒரு மழை நாளில் தாய்மார்கள் யாரும் வரவில்லை. அவள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தண்ணீருக்கு நடுவே ஒல்லியாக ஒரு பாலம். அதன் மேல் நீலப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓர் எஞ்சின்.

“பாலத்துல ஏறுனதும் நான் கண்ணை மூடிக்குவேன் டீச்சர். சின்னப் புள்ளையில இருந்து அப்படித்தான். கீழ எட்டிப் பார்த்தா கைப்பிடிச் சுவர்கூட இருக்காது. தண்ணிதான்.”

“நான் மூட மாட்டேன்,” என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கொழுந்தனார் விஷயத்தை எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் கொண்டுபோனார். ஒரு சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஊர்க்கவுண்டர் அதட்டிப் பேசுகிறவர் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

“ஏனுங்க டீச்சர், போறது போறீங்க. அந்தத் தண்ணியில ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தா என்ன கொறஞ்சு போகுது?”

“எனக்கு ஒண்ணும் கொறையாதுங்க. ஆனா போட மாட்டேன்.”

“புருசன் மேல அம்புட்டுக் கோவமா?”

“கோவம்தாங்க.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை, கோபமெல்லாம் இல்லை என்று நான் சொல்வேன், அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசலாம் என்று நினைத்திருப்பார்.

“செத்தவங்க மேல கோவம் வெக்கலாமுங்களா?” என்றார்.

“உசுரோட இருந்தப்ப வெச்சேன், அடிச்சாரு. இப்ப அவரால அடிக்க முடியாது. அதனால நல்லா வெச்சுக்கறேன்.”

கொழுந்தனார் எழுந்துவிட்டார். “போயிட்டு வந்து ஏதாவது ஒண்ணு நடந்துச்சுன்னா அது உங்க தலையிலதான் அண்ணி,” என்றார். சரி என்றேன். மகளுக்கும் போன் செய்து சொன்னேன். அவள், “கால் வலிக்குமே, உக்கார எடம் கெடைக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

மே மாதம் அங்கன்வாடிக்கு விடுமுறை விட்டதும் கிளம்பினேன். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றிலும் பஸ் திரும்பி இறங்கி, சேந்தமங்கலம், நாமக்கல் வழியாகத் திருச்சி. நர்சின் அக்கா வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் கொடுத்தவர், “ஒரு ஆளா?” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் “ஒரு ஆள்” என்றேன்.

வண்டி முன்பதிவு இல்லாத பழைய வண்டி. சீக்கிரமே போயிருந்ததால் எஞ்சினைப் போய்ப் பார்த்துவிட்டு வர நேரம் இருந்தது. டீசல் எஞ்சின். நான் நினைத்ததைவிட உயரம். நின்ற இடத்திலேயே அது அதிர்ந்துகொண்டிருந்தது. என் உள்ளங்காலுக்குள் அந்த அதிர்வு ஏறியது. பக்கத்தில் நின்றால் சூடும் எண்ணெய் நாற்றமும். மேலே ஜன்னலில் இருந்த டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, யாரையாவது தேடுறீங்களா?” என்றார். “இல்லீங்க, எஞ்சினைப் பாக்க வந்தேன்,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவர் மட்டும்தான் அந்தப் பயணத்தில் என்னிடம் ஏன் என்று கேட்காதவர்.

ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். எஞ்சின் முதலில் இழுத்தபோது பெட்டி பெட்டியாக ஒரு குலுக்கல் வந்து என் முதுகில் முடிந்தது. புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை. வறண்ட கண்மாய்களும் கருவேலங்காடும்தான். மலையில் வளர்ந்த கண்ணுக்கு இவ்வளவு தட்டையான நிலம் ஒரு மாதிரியாக இருந்தது. மறைக்க ஒன்றுமே இல்லை. ஜன்னல் கம்பி வழியாக வந்த அனல்காற்றில் முகம் எரிந்தது. நான் ஷட்டரை இறக்கவில்லை.

பரமக்குடியில் ஒரு குடும்பம் ஏறியது. வேட்டி கட்டிய பெரியவர், இரண்டு மகன்கள், கூடவே பெரியவரின் மனைவி. அந்த அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். கையில் இரண்டு பைகள். ஒன்றில் வாழை இலைக்கட்டு தெரிந்தது. திதி கொடுக்கப் போகிறவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. மூத்த மகன் என் எதிரே வந்து நின்றான்.

“அம்மா, கொஞ்சம் அங்கிட்டு மாறி உக்காருங்க. அப்பா ஜன்னல் ஓரமா இருக்கட்டும்.”

“ஏங்க, அவருக்கு ஒடம்பு முடியலீங்களா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்காரு. பாலம் வரும்ல, பாப்பாரு.”

“நானும் பாலம் பாக்கத்தாங்க வந்திருக்கேன்.”

“நீங்க தனி ஆளுதானே, எங்க உக்காந்தா என்ன? நாங்க காரியத்துக்குப் போறோம்மா.”

“போயிட்டு வாங்க. இது நான் காலையில இருந்து உக்காந்திருக்கற எடம். எந்திரிக்க மாட்டேன்.”

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர், “பெரிய மனுஷனுக்கு எடம் விட்டா என்ன,” என்று பொதுவாகச் சொன்னார். ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எழவில்லை. பெரியவர், “விடுடா, என்ன பொம்பளையோ,” என்று சொல்லிவிட்டு எதிர்ப் பக்க ஜன்னலில் இருந்த ஒரு பையனை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தார். மகன்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாளுக்கு யாரும் இடம் பார்க்கவில்லை. அவள் இரண்டு பைகளையும் அணைத்துக்கொண்டு நடைபாதையில் குத்த வைத்து உட்கார்ந்தாள். அது அவளுக்குப் பழக்கமான இடம் மாதிரி இருந்தது.

நான் ஒடுங்கி, என் பக்கத்தில் இருந்தவரையும் நகரச் சொல்லிவிட்டு, “இங்க வாங்க,” என்று கூப்பிட்டேன். அவள் முதலில் புருஷனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வந்து என் அருகில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு ஏன்த்தா இம்புட்டு வீம்பு?” என்று மெதுவாகக் கேட்டாள். திட்டுகிற மாதிரி இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி இருந்தது. நான் செருப்பை எறிந்த கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, நர்சிடம்கூட. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். ராமநாதபுரம் தாண்டிய பிறகு, “நான் நாலு தடவ ராமேஸ்வரம் வந்துட்டேன். பாலம் எப்படி இருக்கும்னு தெரியாது. எல்லாத் தடவையும் பையப் பாத்துக்கன்னு சொல்லிருவாக,” என்றாள்.

பாலத்துக்கு முந்தின மண்டபம் ஸ்டேஷனில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். வெளியே புழுதி சுழன்றது. தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. அரைமணி நேரம் கழித்து ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாலத்தில் காற்று அதிகம், சிக்னல் கிடைக்கவில்லை, எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அவசரமாகப் போக வேண்டியவர்கள் வெளியே பஸ் பிடித்துப் போய்விடுங்கள் என்றார். சில நிமிடங்களில் பெட்டி காலியாகத் தொடங்கியது. எல்லாருக்கும் உச்சிப் பொழுதுக்குள் காரியம் முடிய வேண்டும்.

ஊழியர் என்னிடம், “எறங்கலையாம்மா? அஞ்சு நிமிசத்துல பஸ் இருக்கு. ரோட்டுப் பாலத்துல இருந்து பாத்தாலும் கடல் தெரியும்,” என்றார்.

“நான் ரயிலுக்குத்தாங்க வந்தேன். அது போறப்பப் போறேன்.”

“போகாட்டி?”

“போகாட்டி இங்கயே உக்காந்துட்டு, திரும்பிப் போறப்ப இதுலயே திருச்சிக்குப் போயிருவேன்.”

உள்ளே எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, ஊரோடு மல்லுக்கட்டி வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்று திரும்பினால் கொழுந்தனார் என்ன சொல்வார் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். ஆனாலும் இறங்கவில்லை.

அந்தக் குடும்பம் எழுந்தது. பெரியவர் முன்னால் போனார், மகன்கள் பின்னால். அந்த அம்மாள் பைகளை எடுத்துக்கொண்டு கதவு வரை போனாள். அங்கே நின்று, இரண்டு பைகளையும் மூத்த மகன் கையில் கொடுத்தாள்.

“நான் வரலடா. நீங்க போயி முடிச்சிட்டு டேசனுக்கு வந்துருங்க.”

பிளாட்பாரத்தில் இருந்து பெரியவர் கத்தினார். “என்னடி வெளையாடுறியா? எறங்கு!”

“உங்க அப்பாவுக்குத்தானே திதி. மக்க ரெண்டு பேரும் கூட இருக்காக. எள்ளெடுத்துக் குடுக்க நான் எதுக்கு?”

“எறங்குறியா, வந்து இழுக்கவா?”

அவள் கதவை விட்டு நகர்ந்தாள். திரும்பி வந்து என் எதிர் ஜன்னலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றியில் வேர்வை. பெரியவர் பெட்டிக்குள் ஒரு கால் வைத்தார். நான் எழுந்து வழியில் நின்றேன். என்ன தைரியத்தில் நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் அவளைப் பார்த்தார். இளைய மகன், “அப்பா, பஸ் போயிரும், நேரமாச்சு,” என்று கையைப் பிடித்து இழுத்தான். “வந்து பேசிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

காலிப் பெட்டியில் நாங்கள் இருவரும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என்னிடம் கட்டுச்சோறு இருந்தது, புளிச்சோறு. பிரித்துச் சாப்பிட்டோம். எங்கள் மலையைப் பற்றிக் கேட்டாள். குளிருமா, பனி விழுமா, மிளகு கொடியில் எப்படிக் காய்க்கும் என்றெல்லாம் கேட்டாள். ஒரு முறை மட்டும், “இன்னைக்கு ஊட்டுக்குப் போனா இருக்கு எனக்கு,” என்றாள். “பயமா இருக்குதுங்களா?” என்றேன். “பின்ன? இல்லாம இருக்குமா?” என்றாள். ஆனால் எழுந்து போய்ப் பஸ்ஸைத் தேடவில்லை.

திடீரென்று எஞ்சின் நீளமாக ஊதியது. பெட்டி குலுங்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் மணலும் மீன் வலைகளும் படகுகளும் போயின. பிறகு நிலம் முடிந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே நிலம் இருந்தது, பிறகு இல்லை. வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. எட்டிப் பார்த்தேன். நர்ஸ் சொன்னபடி கைப்பிடிச் சுவர் கிடையாது. பச்சைத் தண்ணீர் தூண்களில் மோதி வெள்ளையாக உடைந்தது. சாரல் கம்பி வழியாக வந்து முகத்தில் அடித்தது, உதட்டில் உப்பு. எங்கள் பக்கம் அலை அப்படிக் குதித்தது. எதிர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் தண்ணீர் ஏரி மாதிரி கிடந்தது. பக்கத்தில் இருந்த ரோட்டுப் பாலத்தில் பஸ்களை நிறுத்திவிட்டு ஜனங்கள் எங்கள் ரயிலைப் படம் எடுத்தார்கள். ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்கு இருவரும் ஓடினோம். தடுக்க ஆள் இல்லை. எல்லா ஜன்னலும் எங்களுடையதுதான்.

பாதியில், கப்பல் போவதற்காகத் தூக்குகிற இரும்புச் சட்டங்களுக்கு நடுவே வண்டி நுழைந்தபோது சத்தம் மாறியது. கீழேயிருந்து திம் திம் என்று வந்தது. எனக்குப் பயம் வந்தது. கண்ணை மூடலாமா என்றுகூடத் தோன்றியது. மூடவில்லை. “ஓய்!” என்று கத்தினேன், கடலைப் பார்த்து, எங்கள் மலையில் எதிர் மேட்டில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தானும் கத்தினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. சாரலா அழுகையா என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் நினைப்பு எனக்கு அந்தப் பாலம் முடிகிறவரை ஒரு தடவைகூட வரவில்லை. அக்கரையில் தென்னைகள் வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ராமேஸ்வரத்தில் இளைய மகன் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றான். பெரியவர் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாரேன்த்தா,” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தே நடந்து போனாள். நாங்கள் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நான் பிளாட்பாரத்து பெஞ்சில் இருந்தபோது கொழுந்தனார் போன் செய்தார். “அண்ணி, போய்ச் சேந்துட்டீங்களா?” என்றார். குரல் கெஞ்சியது. “அவ்வளவு தூரம் வந்தாச்சு. எனக்காக ஒரே ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துருங்க. கையெடுத்துக் கும்பிடறேன். அண்ணன் எனக்குக் கனவுல வந்துட்டே இருக்கறாரு.”

அவர் கெட்டவர் இல்லை. அண்ணன்மேல் நிஜமாகவே பாசம் உள்ளவர். அந்தக் குரல் என்னை அசைத்தது. வண்டி திரும்பிக் கிளம்ப நேரம் இருந்தது. கடல் நடந்து போகிற தூரம்தான். யாருக்கும் நஷ்டமில்லை.

“தம்பி, உங்க கனவுல வந்தா நீங்க வந்து முழுகுங்க. உங்களுக்கு அவரு அண்ணன். எனக்கு அவரு யாருன்னு எனக்குத்தான் தெரியும்,” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் வேன் பிடித்துப் போய்த் திதி கொடுத்துவிட்டு வந்தார். அந்த வருஷம் மழைக்குப் பிறகு மிளகில் வாடல் நோய் வந்தது. என் கொடிகளும் போயின, அவர் கொடிகளும் போயின, ஊர்க்கவுண்டர் கொடிகளும் போயின. என்னால்தான் என்று சொன்னார்கள். திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். என் வீட்டுக்குச் சொல்லவில்லை. அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை மட்டும் அனுப்பினார்கள், அதை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. நான் திருவிழாவுக்குப் போனேன். கூட்டத்தில் நின்று கும்பிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கொழுந்தனார் ஒரு நாள் எல்லார் முன்னாலும், “தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணி, முடிஞ்சுபோயிரும்,” என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அங்கே புதுப் பாலம். பழையதில் ரயில் போவதில்லை. பழையதுதான் அழகு என்று நர்ஸ் சொல்கிறாள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. புதியதிலும் ஒரு முறை போய்விட்டு வந்தேன், அதே கடல்தான். கேரளத்தில் கோழிக்கோடு தாண்டியதும் மங்களூர் வரை அங்கங்கே தண்டவாளத்தின் பக்கத்திலேயே கடல் வருகிறதாம். சேலத்திலிருந்து வண்டி இருக்கிறது. இந்த மே மாதத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு ஆள், ஜன்னல் ஓரம்.